தீர்ந்தது என்று நான் சொல்லவில்லை

விடுதலைக் கணினிப் பேரவையில் இருப்பவர்கள் எல்லாரும் நல்லவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல வாய்ப்பு வராது. பொய் சொல்ல மாட்டார்கள், லஞ்சம் வாங்க மாட்டார்கள், பிறர் பொருளுக்கு ஆசைப்பட மாட்டார்கள். ஒருத்தியின் பிழைப்பைக் கெடுப்பதென்றால்கூட அதை இலவசமாகவே செய்து தருவார்கள்.

நான் ஓர் ஆஸ்பத்திரியில் கருவிகளைச் சுத்தம் செய்யும் அறையில் வேலை பார்க்கிறேன். ஆபரேஷன் முடிந்து ரத்தமும் சதையுமாக வரும் கத்தி, கத்தரி, இடுக்கிகளைக் கழுவி, எண்ணி, துணியில் பொதிந்து, மேலே ஒரு நாடாவை ஒட்டி நீராவி மெஷினுக்குள் அனுப்புவோம். சூடு சரியாக ஏறியிருந்தால் நாடாவில் கறுப்புக் கோடு விழும். கோடு விழாத பொதி ஒன்றுகூட இத்தனை வருஷத்தில் என் கையிலிருந்து வெளியே போனதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

எங்கள் அறைப் பொறுப்பாளர் ஓய்வு பெறப்போகிறார் என்றதும், அந்த நாற்காலி எனக்குத்தான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நானும் பேசிக்கொண்டேன். ஒரே ஒரு நிபந்தனை, ஒரு சான்றிதழ்த் தேர்வில் தேற வேண்டும். வீட்டில் இருந்தபடியே கணினியில் எழுத வேண்டும், ஃபோனில் எழுத முடியாது. அறையின் நாலு சுவரையும் கேமராவில் காட்ட வேண்டும், எழுதும்போது பக்கத்தில் ஆள் இருக்கக் கூடாது. எந்தக் கணினி என்று அதன் எண்ணைக் கொடுத்து முன்கூட்டியே பதிந்துவிட வேண்டும். எனக்குப் போட்டி ஒரே ஒருத்திதான். அவளைச் சின்னவள் என்று கூப்பிடுவோம். இடுக்கியை எப்படிப் பிடிப்பது என்பதிலிருந்து நான் பழக்கிய பெண். தங்கமானவள். அவள் மீது எனக்குக் கோபம் கிடையாது. கோபம் மொத்தத்தையும் வேறு இடத்துக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் ரொட்டி அடுமனையில் இரவு வேலை பார்ப்பவர். அடுமனை வாசலில் ஒட்டியிருந்த பேரவையின் நோட்டீஸை அவர்தான் பார்த்துவிட்டு வந்தார். பழைய லேப்டாப்புகளில் கட்டற்ற இயங்குதளம் என்று எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத ஒரு சிஸ்டத்தைப் போட்டு, தேவைப்பட்டவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறார்களாம். வேறு சிஸ்டம் எதையும் அதில் போடக் கூடாது, போட்டால் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். சரி, நமக்கெதுக்கு வேறு சிஸ்டம் என்று நானும் ஒப்புக்கொண்டேன். இதைத்தான் நாமே போய்த் தலையைக் கொடுப்பது என்பார்கள்.

கொடுப்பதற்கு ஒரு விழா வைத்தார்கள். தலைவர் ஓய்வு பெற்ற பேராசிரியர். மைக்கைப் பிடித்தால் மைக்கே களைத்துப் போய் இரைகிறவரைக்கும் விட மாட்டார்.

"அம்மா! இன்று உங்கள் கைக்கு வருவது வெறும் கணினி அல்ல. விடுதலை! இதன் ஒவ்வொரு வரியையும் நீங்கள் திறந்து படிக்கலாம். மாற்றலாம். பிறருக்கு வழங்கலாம். உங்களைத் தடுக்கும் சக்தி இவ்வுலகில் எது?"

எதுவும் தடுக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தேன். படம் வந்தது, எழுத்து வந்தது, பாட்டு வந்தது. நெட் மட்டும் வரவில்லை. மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மாவின் வைஃபை என் ஃபோனில் கொட்டுகிறது, லேப்டாப்போ அப்படி ஒன்று உலகத்தில் இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. மூலையில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுச் சும்மா இருந்தது.

பேரவை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு டயர் கடையின் மேல்மாடியில் கூடும். லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். செயலாளர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"நெட் வரலைங்க," என்றேன்.

அவர் பல்வலி வந்தவரைப் போலக் கண்ணை மூடிக்கொண்டார். "அம்மா, அப்படிக் கேக்கக் கூடாது. அது கேள்வியே இல்ல. புலம்பல்."

"சரிங்க. எப்படிக் கேக்கணும்?"

"எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன, அதை மறுபடி நடக்க வைக்கறது எப்படி. மூணும் சொல்லணும்."

"நெட் வரும்னு எதிர்பார்த்தேன். வரல. மறுபடி நடக்க வைக்க ஒண்ணும் செய்ய வேண்டாங்க, அதுபாட்டுக்கு வராது."

"நெட்டுன்னா? கம்பி வழியாவா, கம்பி இல்லாமலா?"

"வைஃபைங்க."

"அப்படிச் சொல்லுங்க. 'கம்பியில்லா இணைப்பு ஏற்படவில்லை.' இதுதான் கேள்வி. திருத்திக்கறேன்." திருத்திய கேள்வியைச் சபையில் உரக்கப் படித்தார். ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார். என் நெட் அன்றிலிருந்து கம்பியில்லா இணைப்பாகிவிட்டது. மெத்தப் படித்தவர்கள், நம் வாயைக்கூட நமக்காகத் திருத்துகிறார்களே என்று சந்தோஷப்பட்டேன். என்னைவிட முட்டாள் அந்த ஊரில் அன்றைக்கு வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

பிறகு இயங்குதளத்தின் பெயரைக் கேட்டார்கள். மூடியில் ஒட்டியிருந்ததைப் பார்த்துச் சொன்னேன். பெயரில் பாதியை விட்டுவிட்டேன் என்று ஒரு மூலையிலிருந்து சத்தம் வந்தது. அந்தப் பாதியைச் சொல்லவே தேவையில்லை என்று எதிர் மூலையிலிருந்து சத்தம் வந்தது. இரண்டு மூலைகளும் பேசி முடிப்பதற்குள் கீழே டயர் கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டார்.

அடுத்த ஞாயிறு செயலாளர், "தேடிப் பாத்தீங்களா?" என்றார்.

"நெட் இல்லாம எங்கங்க தேடறது?"

"அது தனிக் கேள்வி. தனியாப் பதியணும்." பிறகு தன் திரையைப் பார்த்தார். "உங்க கேள்வி ஏற்கனவே ஒரு கொரியர்காரர் கேட்டதுதான். அவர் கேள்வியை ஒரு தையல்கார அம்மா கேள்வியோட இணைச்சிருக்கோம். அந்தம்மா கேள்வியை..." விரலால் மேலும் கீழும் தள்ளினார். "உங்க கேள்வியோட இணைச்சிருக்கோம்."

"நான் போன வாரம்தானே வந்தேன்?"

"உங்க கேள்வி நல்லாத் திருத்தமா இருந்துச்சு. அதனால கம்பியில்லா இணைப்பு பத்தி இதுவரைக்கும் வந்த எல்லாக் கேள்வியையும் உங்களோட இணைச்சாச்சு." எல்லாரும் கைதட்டினார்கள்.

"அந்தத் தையல்கார அம்மாவுக்குச் சரியாயிடுச்சுங்களா?"

"அவங்க லேப்டாப்பை வித்துட்டாங்க."

தலைவர் எழுந்தார். "ஆனாலும் அம்மா, அவர்களின் கேள்வியை நாங்கள் மூடிவிடவில்லை. கவனியுங்கள்! கேள்வியை மூடும் அதிகாரம் இந்தப் பேரவையில் எனக்கே கிடையாது. கேட்டவர் சபையில் எழுந்து, தன் வாயால், 'தீர்ந்தது' என்று சொல்ல வேண்டும். வேறு எந்த நிறுவனத்தில் உண்டு இந்த ஜனநாயகம்?" உண்மைதான், வேறு எங்கும் கிடையாது. மற்ற இடங்களில் முதலில் பிரச்சினையைத் தீர்த்துவிடுகிறார்கள்.

அதன் பிறகு என்னைக் கறுப்புத்திரையிடம் ஒப்படைத்தார்கள். அது நான் வைத்த பெயர். ஒல்லியான இளைஞர், உட்கார்ந்தாலே திரை கறுத்துவிடும், வெள்ளை எழுத்துகள் சடசடவென்று ஓடும்.

"என்னப்பா செய்யறே?"

"அடித்தளத்தையே புதுசா கட்டறேன்க்கா."

"எனக்கு நெட் மட்டும் வந்தாப் போதும்ப்பா. வீடு கட்ட வேண்டாம்."

சில ஞாயிறுகள் கட்டினார். முடிவில் பாட்டு நின்றுபோனது. எழுத்துகள் கோணலாயின. பெருக்கல் குறி மட்டும் அசையாமல் இருந்தது. கறுப்புத்திரையின் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. "முன்னேற்றம்க்கா! முன்னாடி வேற பிழை வந்துச்சு, இப்ப வேற பிழை வருது. இந்தப் பிழையை இதுவரைக்கும் யாருமே பாத்ததில்ல!" சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சிலர் ஃபோட்டோ எடுத்துக்கொண்டார்கள். எனக்குக் குழந்தை பிறந்த மாதிரி ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் வீட்டுக்காரர், "நீ அங்க ரிப்பேருக்குப் போறியா, இல்ல உபதேசம் கேக்கப் போறியா?" என்றார். பேசாமல் படுங்கள் என்றேன். கோபம் அப்போதே வந்துவிட்டது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. தெருமுனை ரிப்பேர் கடைக்காரர் லேப்டாப்பைத் திறந்து பார்த்துவிட்டு, இந்தச் சிஸ்டத்தைத் தொட மாட்டேன், வேண்டுமானால் வேறு போட்டுத் தருகிறேன் என்றார். வேறு போட்டால் பேரவை பிடுங்கிக்கொள்ளும். பிடுங்கிக்கொண்டால், பதிந்து வைத்த கணினி இல்லாமல் தேர்வு எழுத முடியாது.

தேர்வுக்கு முந்தின ஞாயிறுதான் செயலாளர் உண்மையான காரணத்தைச் சொன்னார். உள்ளே வைஃபைக்கென்று ஒரு சில்லு இருக்கிறது. அது கண் விழிக்க வேண்டுமென்றால் அதைச் செய்த கம்பெனியின் ஒரு சின்னக் கோப்பை உள்ளே போட வேண்டும். அந்தக் கோப்பை யாராலும் திறந்து படிக்க முடியாதபடி கம்பெனி மூடி வைத்திருக்கிறது. மூடிய கோப்புக்குப் பேரவையின் படியேறவே அனுமதி கிடையாது.

"அந்தக் கோப்பு எங்க கிடைக்கும்?"

"எங்க வேணா கிடைக்கும்."

"போட்டா?"

"உடனே வேலை செய்யும்."

"அப்ப போடுங்களேன்!"

பக்கத்து நாற்காலிக்காரர் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். வாயில் வரக் கூடாத ஒரு வார்த்தை வந்துவிட்டது என்று எனக்கே தோன்றியது.

"அம்மா," என்றார் தலைவர், இரங்கல் கூட்டக் குரலில். "அந்தக் கோப்புக்குள் என்ன இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியுமா?"

"தெரிய வேண்டாங்க. எனக்கு சனிக்கிழமை பரீட்சை."

"தெரிய வேண்டாம் என்கிறீர்களே, அதைத்தான் அடிமைத்தனம் என்கிறோம். உங்கள் கணினி இணையவில்லை என்று வருந்தாதீர்கள். அது இணைய மறுக்கிறது! தன்மானத்தோடு நிற்கிறது! நாமும் அதன் பக்கத்தில் நிற்க வேண்டாமா?"

நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். கொள்கைக்கு ஒத்துவருகிற ஒரு வைஃபை கருவி இருப்பதாகவும், செய்த கம்பெனியை மூடிவிட்டதாகவும், மறுபடி திறந்ததும் சொல்லியனுப்புவதாகவும் செயலாளர் ஆறுதல் சொன்னார். என் ஒருத்திக்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. பேரவை இரண்டாக உடைந்தது. நடுவில் ஒட்டுப்பலகைத் தடுப்பு வைத்து, அந்தப் பக்கம் 'உண்மை விடுதலைக் கணினிப் பேரவை' தொடங்கினார்கள். மின்விசிறி இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டதால் பொழுது சாய்வதற்குள் வேர்த்து விறுவிறுத்து இந்தப் பக்கமே வந்து சேர்ந்துவிட்டார்கள். ஒற்றுமையாகத் தீர்மானம் போட்டார்கள், சனிக்கிழமை காலை நிர்வாகிகள் என் வீட்டுக்கே வந்து, கொள்கைக்கு உட்பட்டு, முயற்சி செய்வார்கள்.

வந்தார்கள், தலைவர், செயலாளர், கறுப்புத்திரை மூன்று பேரும். அதில் குறை சொல்ல மாட்டேன், எட்டு மணிக்கே வந்துவிட்டார்கள். தேர்வு பத்துக்கு, பத்தரை வரைக்கும் நுழையலாம். சுவர்கள் வெறுமையாக இருக்க வேண்டும் என்பதால் முந்தின நாளே காலண்டரைக் கழற்றி, ஆணியில் தொங்கிய சட்டைகளை எடுத்து, கல்யாணப் படத்தைக்கூட இறக்கிக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்தவர் தூங்காமல் சமையலறை வாசலில் நின்றார்.

மூவரும் கட்டிலில் உட்கார்ந்தார்கள். மூன்று பேர் மட்டும் வந்திருப்பதால் இது முறையான கூட்டம்தானா என்பதை முதலில் பேசினார்கள். பிறகு கறுப்புத்திரை திரையைக் கறுப்பாக்கினார். பத்து மணி ஆனது. "என் லேப்டாப்ல வேலை செய்யுதே," என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"தம்பி, பத்தரைக்கு மூடிடுவாங்கப்பா. ஏதாவது செய்யுப்பா. சார், காலைப் பிடிச்சுக் கேக்கறேன் சார், அந்தக் கோப்பை இன்னிக்கு ஒரு நாள் மட்டும் போடுங்க. நாளைக்கே எடுத்துடலாம்."

"ஒரு நாள் அடிமை என்பது உண்டா அம்மா?" என்றார் தலைவர்.

பத்தரை தாண்டியது. செயலாளர் எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். "இன்னிக்கு அமர்வு ரொம்பப் பயனுள்ளதா இருந்துச்சு. நடவடிக்கைக் குறிப்பை உடனே அனுப்பிடுப்பா."

கறுப்புத்திரை தன் பையிலிருந்து தன் லேப்டாப்பை எடுத்தார். தன் ஃபோனை எடுத்தார். சார்ஜ் போடுகிற சாதாரண ஒயரால் இரண்டையும் இணைத்தார். ஃபோனில் எதையோ ஒருமுறை தட்டினார். "அனுப்பியாச்சு," என்றார்.

"என்னப்பா இது?"

"ஃபோன் நெட்டை ஒயர் வழியா எடுக்கறேன்க்கா. மாடி வைஃபை கேட்டா நீங்க தப்பா நினைப்பீங்களேன்னு."

"என் லேப்டாப்புலயும் இப்படி வருமா?"

"தாராளமா. சொருகினா வந்துடும்."

"கோப்பு கீப்பு எதுவும் வேண்டாமா?"

"இதுக்கு எதுக்குக்கா கோப்பு?"

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "பின்ன ஏன்ப்பா இத்தனை நாளா சொல்லல?"

அவர் நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தார். "நீங்க கம்பியில்லா இணைப்பு பத்தித்தானே கேட்டீங்க? இது கம்பியாச்சே."

"நான் முதல்ல நெட் வரலைன்னுதானேய்யா கேட்டேன்!"

"அதைத்தான் திருத்திட்டோமேம்மா," என்றார் செயலாளர்.

அந்த ஒயரை அவர் கையிலிருந்து பிடுங்கி என் ஃபோனிலும் லேப்டாப்பிலும் சொருகினேன். இங்கே தட்டு என்று கறுப்புத்திரை காட்டிய இடத்தில் தட்டினேன். உடனே தேர்வுப் பக்கம் வந்தது. அழகான நீல நிறம். 'நுழையும் நேரம் முடிந்துவிட்டது. வாழ்த்துகள்' என்று போட்டிருந்தது.

அவர்கள் போன பிறகு வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு விக்கி விக்கி அழுதேன். என் வீட்டுக்காரர் கல்யாணப் படத்தை எடுத்து மாட்டினார். கோணலாக மாட்டினார். நேராக மாட்டத் தெரியாதா என்று அவர் மேல் பாய்ந்தேன். பாவம், ராத்திரி முழுக்க நெருப்பின் முன்னால் நின்றுவிட்டு வந்த மனுஷன். அத்தோடு என் அழுகை நின்றது. அது நின்ற இடத்தில் வஞ்சம் வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. இன்றுவரை எழுந்திருக்கவில்லை.

சின்னவள் தேறினாள். அவளுக்குத்தான் நாற்காலி. முதல் நாள் அதில் உட்கார மாட்டேன் என்று நின்றுகொண்டே இருந்தாள். "அக்கா, நீங்க உக்காருங்கக்கா," என்றாள். "உக்காருடி, வேலையைப் பாரு," என்றேன். அவளுக்கு இப்போது இருபத்தொன்பது வயது. அந்த நாற்காலி அடுத்தபடி காலியாகும்போது எனக்கு வாயில் பல் இருக்காது.

சில மாதம் கழித்துச் செயலாளர் ஃபோன் செய்தார். குரலில் தேன் ஒழுகியது. பேரவைக்கு ஆண்டு விழாவாம். உலகக் கூட்டமைப்பிலிருந்து பிரதிநிதி வருகிறாராம். 'திறந்த கேள்வி இல்லாத பேரவை' என்ற பட்டத்தைத் தரப்போகிறாராம்.

"நல்லதுங்க."

"ஒரே ஒரு கேள்விதாம்மா திறந்திருக்கு. உங்களது. அதோட பழைய கேள்வி அத்தனையும் தொங்குது. நீங்க வந்து 'தீர்ந்தது'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா..."

"தீரலையேங்க."

"என்னம்மா, ஒயர்ல வருதே!"

"ஒயரா? நான் கேட்டது கம்பியில்லா இணைப்பாச்சே. நீங்கதானே திருத்திக் கொடுத்தீங்க?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. என் ஆயுசில் நான் ருசித்துச் சாப்பிட்ட சாப்பாடெல்லாம் அந்த மௌனத்துக்குப் பக்கத்தில் வர முடியாது.

பிறகு கறுப்புத்திரை வந்து கெஞ்சினார். வாசலிலேயே நிறுத்தி, "தேடிப் பாத்தியாப்பா?" என்று கேட்டு அனுப்பிவிட்டேன். பட்டம் கொடுக்கும் நாள் நெருங்கியது. ஒரு சாயங்காலம் பொழுது சாய்கிற நேரத்தில் கதவு மெதுவாகத் தட்டப்பட்டது. தலைவர். தனியாக வந்திருந்தார். உள்ளே வந்ததும் தானே கதவைச் சாத்தினார்.

"லேப்டாப்பை எடுங்கம்மா," என்றார். மேடைத் தமிழைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு வந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு பென் டிரைவ். சொருகினார், ஏதோ தட்டினார். என் வீட்டுக்காரர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவருவதற்குள் பெருக்கல் குறி போய்விட்டது. அடுக்கடுக்காக வளைகோடுகள் வந்து நின்றன. மாடி வைஃபை.

"இது என்ன சார்? அந்த மூடின கோப்பா?"

"கொள்கை வேற, வீடு வேறம்மா. எங்க வீட்ல சீரியல் பாக்கணும்ல?"

"எத்தனை நாளா வெச்சிருக்கீங்க?"

"பேரவை ஆரம்பிச்சதுலேர்ந்து. எல்லா நிர்வாகியும் வெச்சிருக்கோம். ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கறதில்ல, அவ்வளவுதான்."

கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன், கேட்டுவிட்டேன். "அன்னிக்குச் சனிக்கிழமை எங்க வீட்டுக்கு வந்தீங்களே. அன்னிக்கு இது உங்க பாக்கெட்ல இருந்துச்சா?"

அவர் தண்ணீரைக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"மூணு பேர் இருந்தோமேம்மா," என்றார்.

என் வீட்டுக்காரர் முஷ்டியை மடக்கிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார். நான் கண்ணாலேயே நிறுத்தினேன். "விழாவுக்குக் கண்டிப்பா வரேன் சார்," என்றேன். என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகப் போனார்.

விழாவுக்கு இஸ்திரி போட்ட உடுப்பில் போனேன். பெரிய அரங்கம், பளபளவென்று பதாகை. நிர்வாகிகள் முன்வரிசையில். மேடையில் உலகக் கூட்டமைப்பின் பிரதிநிதி, மெத்தென்ற நாற்காலியில். என்னை மேடைக்கு அழைத்தார்கள். தீர்ந்தது என்று சொல்வதற்கு முன்னால், எப்படித் தீர்ந்தது என்பதையும் பிறருக்குப் பயன்படும்படி படிப்படியாகச் சொல்ல வேண்டும் என்பது பேரவையின் விதி. தலைவரே எழுதிய விதி. அவருக்கு அது மறந்துபோயிருந்தது. நான் மறக்கவில்லை.

"வணக்கம்," என்றேன். "எதிர்பார்த்தது, ஒரு பரீட்சை எழுதலாம்னு எதிர்பார்த்தேன். நடந்தது, எழுதல. மறுபடி நடக்க வைக்கறது எப்படின்னா, உங்க கேள்வியை இவங்ககிட்டக் கொடுங்க, திருத்தித் தருவாங்க. இப்ப வைஃபை வேலை செய்யுது." பலத்த கைதட்டல். தலைவர் மலர்ந்தார். "எப்படின்னு சொல்றேன், எழுதிக்கறவங்க எழுதிக்கங்க. முதல்ல பொழுது சாயணும். தலைவர் உங்க வீட்டுக்குத் தனியா வரணும். கூட இன்னொரு நிர்வாகி இருந்தா இது வேலை செய்யாது, நான் சோதிச்சுப் பாத்திருக்கேன். கதவைச் சாத்தணும். அவர் சட்டைப் பையில ஒரு கைக்குட்டை இருக்கும். கைக்குட்டைக்குள்ள ஒரு பென் டிரைவ், அதுல அந்த மூடின கோப்பு. சொருகணும். அவர் ஒரு டம்ளர் தண்ணி குடிக்கறதுக்குள்ள நெட் வந்துடும். தலைவர் கிடைக்கலைன்னா கவலைப்படாதீங்க. எல்லா நிர்வாகிகிட்டயும் இருக்குன்னு அவரே சொன்னார்."

முன்வரிசையில் இருந்த அத்தனை கைகளும் ஒரே நேரத்தில் சட்டைப் பைகளைப் பொத்திக்கொண்டன. பொத்தியபடியே ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். பின்வரிசையில் யாரோ ஒரு பெண் சிரிக்க ஆரம்பித்தார். தையல்கார அம்மாவாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன், எனக்கு அப்படி நினைக்கப் பிடித்திருக்கிறது.

தலைவர் எழுந்தார். "அம்மா கூறுவது ஒரு... ஒரு தனிப்பட்ட... நான் அந்தக் கோப்பை எதிர்ப்பதற்காகவே, அதை நன்கு அறிந்துகொள்ளும் பொருட்டு, பல ஆண்டுகளாக என் வீட்டில்..." மைக் இரைந்தது. உட்கார்ந்துவிட்டார்.

பிரதிநிதி என்னிடம் குனிந்தார். "எப்படியோ, உங்க பிரச்சினை தீர்ந்துடுச்சு. அப்படித்தானே?"

"நான் நெட் கேட்டது அந்தச் சனிக்கிழமை காலைக்கு," என்றேன். "அந்தக் காலையைக் கொண்டுவந்து கொடுக்கச் சொல்லுங்க. தீர்ந்ததுன்னு சொல்றேன்."

மேடையை விட்டு இறங்கினேன். பட்டம் வந்த பெட்டியிலேயே திரும்பிப் போனது. தலைவர் ராஜினாமா செய்தார். ராஜினாமாவை ஏற்றுக்கொள்ள நிர்வாகிகள் அனைவரும் கூட வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வெட்கப்பட்டுக்கொண்டு யாரும் கூடவில்லை. ஆகவே இன்றும் அவரே தலைவர்.

ஒவ்வொரு வருஷமும் ஆண்டு விழாவுக்கு எனக்கு அழைப்பு வருகிறது. விதிப்படி அழைத்துத்தான் ஆக வேண்டும். போகிறேன். மேடையில் ஏற்றுகிறார்கள். புதிதாக ஒரு பிரதிநிதி, "தீர்ந்ததா அம்மா?" என்று கேட்கிறார். "இல்லை," என்று சொல்லிவிட்டு இறங்குகிறேன். முன்வரிசை அப்படியே ஒரு சுற்று சுருங்குவதை நின்று நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன்.

அடுத்த மாதம் மறுபடி விழா. நேற்று வேலை முடிகிற நேரத்தில் சின்னவளிடம் போய் ஒரு நாள் லீவு கேட்டேன். அவள் அந்த நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டாள், இன்னமும் என்னைக் கண்டால் எழுந்துகொள்கிறாள்.

"எதுக்குக்கா லீவு?" என்றாள்.

"ஒரு வார்த்தையைச் சொல்லாம வர்றதுக்குடி," என்றேன்.